பஞ்சநதம் சார் பிடித்துவந்த எதிர்த்தரப்பு

சண்டை மூட்டுகிறவர்கள் உண்டு, மூட்டிய சண்டையில் குளிர் காய்கிறவர்கள் உண்டு, சண்டை என்ற சொல் காதில் விழுந்ததுமே போட்டிருந்த செருப்பை விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் உண்டு. இவர்களை நமக்குத் தெரியும். இவர்களால் பெரிய ஆபத்தில்லை. இன்னொரு வகை இருக்கிறது. இரண்டு பேர் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், எங்கிருந்தோ வந்து, இருவருக்கும் நட்டநடுவே நின்று, இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் நீட்டி, "இருங்க, இருங்க, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்று ஆரம்பிப்பார்கள். இந்தப் பிராணிக்கு மத்தியஸ்தர் என்று பெயர். வயல் இருக்கிற இடத்தில் எலி இருப்பதுபோல், மனிதர்கள் கூடி வாழ்கிற இடமெல்லாம் இவர் இருப்பார். உங்கள் தெருவில் இல்லையா? நன்றாகப் பாருங்கள்.

பூவத்தடி உயர்நிலைப் பள்ளியின் சரித்திர ஆசிரியர் பஞ்சநதம் சார் அந்த வகையில் அமோக விளைச்சல். தலையில் நடுவகிடு. திருவாரூர் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டு என்றால் நடு இடம்தான் வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும். ஆட்சி மாறி, ஊரில் பாதிப் பேர் துண்டிலும் வேட்டியிலும் கட்சிக் கரை போட்டுக்கொண்டு திரிந்த காலத்தில், இவர் மட்டும் கரையே இல்லாத துண்டை மன்னார்குடி வரை போய்த் தேடி வாங்கினார். "தேர்தல்ல ஓட்டுப் போட்டீங்களா சார்?" என்று ஒருவர் கேட்டதற்கு, "போடாம இருப்பேனா? ரெண்டு பேருக்கும் போட்டேன்" என்றார். வீட்டில் இன்றைக்கு ரசமா குழம்பா என்று மனைவி தையல்நாயகி கேட்பதையே விட்டுவிட்டாள். கேட்டால் இரண்டையும் கலந்து ஊற்றச் சொல்வார்.

இந்தக் குணம் அவருக்குப் பிறவியில் வந்ததில்லை. சில வருஷங்களுக்கு முன்னால், சம்பா அறுவடை நேரத்தில், கூலித் தகராறு முற்றி, தாலுகா ஆபீசில் முத்தரப்புப் பேச்சுவார்த்தை நடந்தது. மிராசுதார்கள் ஒரு பக்கம், செங்கொடிச் சங்கத்தார் ஒரு பக்கம், தாசில்தார் நடுவில். ஒப்பந்தம் எழுத வேண்டிய குமாஸ்தா காய்ச்சலில் படுத்துவிட்டதால், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பஞ்சநதம் சாரைக் கூப்பிட்டார்கள். போனார், எழுதினார், ஒரு மெதுவடை தின்றார், காபி குடித்தார். திரும்பி வரும்போது வேறு மனிதராக வந்தார். சங்கம் கூலியாக ஆறு படி நெல் கேட்டது, மிராசுகள் நாலு படி என்றார்கள், ஐந்தில் முடிந்தது. அந்த ஐந்து தானே பெற்றெடுத்த பிள்ளை என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஐந்து வேண்டும் என்றுதான் சங்கம் ஆறு கேட்டது என்பதும், ஐந்து கொடுக்க நேரும் என்றுதான் மிராசுகள் நாலில் ஆரம்பித்தார்கள் என்பதும் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இவர் ஒருவருக்குத் தெரியாது.

அன்று முதல் பள்ளிக்கூடத்தில் எது நடந்தாலும் பேச்சுவார்த்தைதான். பத்தாம் வகுப்புக்கும் பதினோராம் வகுப்புக்கும் சடுகுடு நடந்தது. பாடிப் போனவன் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று கூச்சல் வந்தது. நடுவர் பஞ்சநதம் சார் "பாதி அவுட்" என்று தீர்ப்புச் சொன்னார். பாதி அவுட் ஆனவன் என்ன செய்வான்? உட்கார்ந்தபடியே ஆட வேண்டியதுதான். ஆடினான், பாவம். ஐப்பசி அடைமழையில் இரண்டு பெண்கள் ஒரே குடையைத் தன் குடை என்றார்கள். குடையை மடித்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். இருவரும் தெப்பமாக நனைந்தார்கள். ஆனால் சமமாக நனைந்தார்கள், அதைப் பாருங்கள்!

இப்படிப்பட்டவரைத்தான் தலைமையாசிரியர் ஜெக்கரியா, தை மாதம் பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்ததும் மாணவர் நலக் குழுவுக்குச் செயலாளர் ஆக்கினார். ஜெக்கரியா நல்ல மனிதர். கூட்டம் என்றால் அவருக்குத் தலைவலி வரும்; கூட்டம் என்றால் பஞ்சநதம் சாருக்குத் தலைவலி போகும். பொருத்தம் பார்த்துத்தான் கொடுத்தார்.

குழு அமைந்த அதே வாரம் மருதையன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மருதையன் யார் என்று கேட்டால், செங்கொடிச் சங்கத்தின் கிளைச் செயலாளர். கூலிப் பேச்சில் மிராசுகளுக்கு எதிரே அசையாமல் உட்காருகிற ஆள். அவர் மகள் அம்சவல்லி பதினோராம் வகுப்பில் படித்தாள். அவர்கள் தெருவிலிருந்து பதினோராம் வகுப்பு வரை வந்த முதல் பெண் அவள்தான். மாசியில் செலக்‌ஷன் பரீட்சை. அதில் தேறினால்தான் எஸ்.எஸ்.எல்.சி. என்ற பெரிய பரீட்சை எழுத விடுவார்கள். தவறினால் மறுநாளே கையில் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்க வேண்டியதுதான். அவள் அம்மா பொன்னுத்தாய் ஏற்கெனவே "போதும்டி படிச்சது" என்று ஆரம்பித்துவிட்டாள்.

மருதையன் துண்டைக் கையில் எடுக்கவில்லை, தோளிலேயே வைத்துக்கொண்டு, நேராகவே கேட்டார். "சார், எங்க தெருவுக்கு இன்னும் கரண்ட் வரலை. கம்பம் மிராசு களத்தோட நின்னுபோச்சு. மண்ணெண்ணெயும் கிடைக்க மாட்டேங்குது. இங்க வராந்தாவை ஒட்டின ரூம்புல லைட்டு இருக்கில்ல? அம்சவல்லியும் தெருவுல இன்னும் நாலு பிள்ளைங்களும் எட்டு மணி வரைக்கும் அதுல ஒக்காந்து படிச்சுக்கட்டும். எட்டு மணிக்கு நானே வந்து அழைச்சிட்டுப் போயிடறேன்."

"தாராளமா படிக்கட்டும் மருதையன். இதுக்குப் போய்க் கேக்கணுமா?" என்றார் ஜெக்கரியா. சாவிக்கொத்தைக் கையில்கூட எடுத்துவிட்டார்.

வேறு பள்ளிக்கூடமாக இருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். பிள்ளைகள் படித்திருப்பார்கள், இந்தக் கதையும் இருந்திருக்காது. ஆனால் மேஜையோரம் பஞ்சநதம் சார் உட்கார்ந்திருந்தாரே!

"சார், அவசரப்படாதீங்க. இது ஒரு கோரிக்கை" என்றார்.

"ஆமா, கோரிக்கைதான்."

"கோரிக்கைன்னா ஒரு எதிர்த்தரப்பு இருக்கணுமே?"

"யாருமே எதிர்க்கலையே பஞ்சநதம்?"

"அதுதான் சார் எனக்குப் பயமா இருக்கு."

ஜெக்கரியாவுக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. சாவிக்கொத்தை மறுபடி மேஜையில் வைத்தார். பஞ்சநதம் சார் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிர்த்தரப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார். மருந்துக்கு இலை தேடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அப்படித்தான் போனார்.

தேடியவருக்குக் கிடைத்தது காயாரோகணம் பிள்ளை. பெரிய மிராசு, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். அந்த விளக்கு இருக்கிற அறையைத் தம் தகப்பனார் ஞாபகமாகக் கட்டிக் கொடுத்தவர். களத்தில் நாற்காலி போட்டு நெல் தூற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சநதம் சார் விஷயத்தைச் சொன்னார்.

"லைட்டா? எரிஞ்சா எரியட்டுமே. பில்லு நானா கட்டறேன்?" என்றார் பிள்ளை.

பஞ்சநதம் சார் ஓர் அடி முன்னால் வந்தார். "ஐயா அப்படி ஒரேயடியா விட்டுக் கொடுத்துடக் கூடாதுங்க."

"எதை?"

"உங்க நிலைப்பாட்டைத்தான்."

"எனக்கு என்னய்யா நிலைப்பாடு?"

"அதைக் கேட்டுட்டுப் போகத்தானே வந்திருக்கேன்."

பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, யாரு கேக்கறது?"

"மருதையனுங்க."

அவ்வளவுதான். சென்ற அறுவடையில் கூலிக்கு ஒப்பாமல் மருதையன் ஆட்களை வயலைவிட்டுக் கரையேற்றி நிறுத்தி, முற்றிய கதிர் வயலிலேயே கொட்டியது பிள்ளைக்கு இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. முகம் சிவந்தது. "ஓஹோ, அவனா? அப்ப முடியாதுன்னு சொல்லு. எங்கப்பா பேர் எழுதின ரூம்பு. பொழுது சாஞ்சப்புறம் அந்தத் தெருப் பிள்ளைங்களுக்கு அதுக்குள்ள என்ன சோலி?"

அந்தத் தெருப் பிள்ளைகள் பகல் முழுக்க அதே அறையில், அதே பெஞ்சியில் உட்கார்ந்துதானே படிக்கிறார்கள்? கேட்டிருக்கலாம். பஞ்சநதம் சார் கேட்கவில்லை. அவருக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. ஒரு தரப்பு கிடைத்துவிட்டது! இனி நடு என்று ஓர் இடம் இருக்கும், அதில் போய் நிற்கலாம். வழியெல்லாம் தமக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை பேச்சுவார்த்தை. மேஜைக்கு ஒரு பக்கம் பிள்ளை, எதிர்ப்பக்கம் மருதையன், நடுவில் பஞ்சநதம் சார். ஜெக்கரியாவுக்குத் தாம் எந்தத் தரப்பு என்று தெரியாததால் சுவரோரம் சாய்ந்துகொண்டார். அம்சவல்லி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவளுக்கு நாற்காலி கிடையாது. முத்தரப்பு என்றால் மூன்று தரப்புதானே? படிக்கிறவள் அதில் வரமாட்டாள்.

"வாய்யா மருதையா" என்றார் பிள்ளை. முன்பெல்லாம் "வாடா"தான். செங்கொடி ஊருக்குள் வந்த பிறகு "டா" போயிருந்தது. "வாங்க" இன்னும் வந்து சேரவில்லை. அந்த "ய்யா"வைக் கேட்கும்போதெல்லாம் பஞ்சநதம் சாருக்குப் புல்லரிக்கும்.

"சங்கத் தரப்போட கோரிக்கை என்ன?"

"சங்கமெல்லாம் இல்லை சார். நான் அப்பனா வந்திருக்கேன்" என்றார் மருதையன்.

"அது உங்க சவுகரியம். கோரிக்கை?"

"எட்டு மணி வரைக்கும் லைட்டு. ஒக்கார அந்த ரூம்பு."

"மிராசுத் தரப்பு?"

"லைட்டும் கிடையாது, ரூம்பும் கிடையாது."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் பஞ்சநதம் சார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "ஒருத்தர் ரெண்டும் வேணுங்கறீங்க, ஒருத்தர் ரெண்டும் இல்லைங்கறீங்க. அப்ப ஒண்ணு உண்டு, ஒண்ணு இல்லை. அதுதானே நடு?"

மருதையனுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவமே! கூலி நெல்லுக்குன்னா நான் கூட்டிக் கேட்டிருப்பேன் சார். பள்ளிக்கூடமாச்சேன்னு உள்ளதை உள்ளபடி கேட்டுத் தொலைச்சிட்டேன். சரி, இப்ப கேக்கறேன், எழுதிக்கங்க. பத்து மணி வரைக்கும் லைட்டு, ரெண்டு ரூம்பு, குடிக்கப் பானையில தண்ணி."

"ஒரு தடவை வெச்ச கோரிக்கையை அப்புறம் கூட்டக் கூடாது. அது மரபு இல்லை" என்றார் பஞ்சநதம் சார் கண்டிப்பாக.

மதியம் வரை பேசினார்கள். கடைசியில் ஒப்பந்தம் பிறந்தது. விளக்கு எட்டு மணி வரை எரியும். அது சங்கத்துக்கு வெற்றி. பிள்ளைகள் அறைக்குள் நுழையக் கூடாது. அது மிராசுக்கு வெற்றி. விளக்கு உள்ளே எரியும், பிள்ளைகள் வெளியே ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியே விழுகிற வெளிச்சத்தில் படிப்பார்கள். இதை வாசித்து முடித்தபோது பஞ்சநதம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோருக்கும் வடை வந்தது.

"ஏன் பஞ்சநதம், இதுல யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டார் ஜெக்கரியா.

"யாருக்கும் லாபம் இல்லை சார். ரெண்டு பேருக்கும் சமமா நஷ்டம். அதுக்குப் பேர்தான் சமாதானம்."

திங்கட்கிழமை பொழுது சாய்ந்தது. தைப் பனி புல்லில் இறங்க ஆரம்பித்திருந்தது. உள்ளே காலி பெஞ்சிகளின் மேல் விளக்கு ஜம்மென்று எரிந்தது. ஒப்பந்தம் மீறப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று காயாரோகணம் பிள்ளையே வந்து, உள்ளே ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கொசுவாக அடித்துக்கொண்டிருந்தார். வெளியே, ஜன்னலிலிருந்து விழுந்த வெளிச்சம் ஒரு முறம் அகலம் இருக்கும். அந்த முறத்துக்குள் ஐந்து தலைகள், ஒரு புத்தகம். புத்தகத்தில் ஜன்னல் கம்பியின் நிழல் வரி வரியாக விழுந்ததில், அம்சவல்லி ஒரு வரியைப் படித்து, அடுத்த வரிக்குப் புத்தகத்தை நகர்த்தி, மறுபடி படித்தாள். மற்ற நாலு பேரும் கேட்டுக்கொண்டார்கள். கொஞ்சம் தள்ளி மருதையன் நின்றார். கூலிப் பேச்சில் எத்தனையோ தடவை தோற்றிருக்கிறார். இப்படி வெட்கமாக ஒருநாளும் இருந்ததில்லை.

அப்போதுதான், கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, தம் ஒப்பந்தம் நடைபெறும் அழகைக் காண பஞ்சநதம் சார் வந்தார். வந்தவர் எங்கே நிற்பார்? சொல்லவும் வேண்டுமா? ஜன்னலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்றார்.

புத்தகம் இருண்டது.

"சார், கொஞ்சம் நகருங்க. வெளிச்சம் மறைக்குது" என்றாள் அம்சவல்லி.

பஞ்சநதம் சார் இடது பக்கம் பார்த்தார், மருதையன் நின்றார். வலது பக்கம் பார்த்தார். அறையின் வாசல், உள்ளே பிள்ளை. இந்தப் பக்கம் போனால் சங்கத்தோடு சேர்ந்துவிட்டான் என்பார்கள், அந்தப் பக்கம் போனால் மிராசுக்கு விலை போய்விட்டான் என்பார்கள். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயர்! பனியிலும் அவருக்கு வியர்த்தது.

"எந்தப் பக்கம்மா நகரணும்?"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன சார்? இருட்டா இருக்கு."

யோசித்தார். இடது பக்கம் ஓர் அடி வைத்தார். உடனே மனசாட்சி உறுத்தியது. நியாயமாக வலது பக்கமும் ஓர் அடி வைத்தார். பழைய இடத்திலேயே நின்றார்.

அம்சவல்லி புத்தகத்தை மூடினாள். அவளுக்கு அழுகை வந்தது; அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. "பரீட்சை எழுதப்போறது நான். ஆளாளுக்கு ஒக்காந்து பேசினீங்களே, என்னை ஒரு வார்த்தை யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள். அப்பாவையும் சேர்த்துத்தான் பார்த்தாள். பிறகு உட்கார்ந்திருந்த சாக்கை உதறிச் சுருட்டிக்கொண்டு வராந்தாவில் ஏறினாள், கதவைத் தள்ளினாள். கதவு திறந்தது. ஜெக்கரியா அதைப் பூட்டவே இல்லை; உள்ளே இருந்த மிராசும் தாழ் போடவில்லை. அவர் வரையில் அனுமதி முதல்நாளே கொடுத்தாகிவிட்டது. அம்சவல்லி நேராக விளக்குக்கு அடியில் போய் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். மற்ற நாலு பேரும் தபதபவென்று பின்னாலேயே ஓடினார்கள்.

பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். "யோவ் வாத்தியாரே! ஒப்பந்தம் என்னய்யா ஆச்சு?"

பஞ்சநதம் சார் ஓடிவந்தார். உள்ளே போனால் பிள்ளைகள் நுழைந்ததை ஒப்புக்கொண்டதாகும். வெளியே நின்றால் மிராசைக் கைவிட்டதாகும். ஆகவே ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக வாசற்படியின் மேல் நின்று, இரண்டு கைகளையும் நீட்டினார். "இருங்க, இருங்க, ரெண்டு பக்கமும்..."

"சார், ஒண்ணு உள்ள வாங்க, இல்லைன்னா வெளிய போங்க. கதவைச் சாத்தணும், கொசு வருது" என்றாள் அம்சவல்லி, தலையைத் தூக்காமல்.

"ஆமா சார், ஏதாவது ஒரு பக்கமா போங்க" என்றார் வெளியிலிருந்து மருதையன்.

பிள்ளை வாயைத் திறந்தார். மருதையனைத் திட்டத்தான் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கழுத்தில் ஒன்று கடித்தது. பட்டென்று அறைந்துகொண்டு, "அட, உள்ளயாவது வாய்யா, வெளியயாவது போய்யா! கொசு பிடுங்கித் தின்னுது, நடுவுல நின்னுகிட்டு!" என்று கத்தினார்.

பூவத்தடியில் மிராசும் சங்கமும் ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் தடவை. பஞ்சநதம் சார் வாழ்க்கை முழுக்க எதற்காகப் பாடுபட்டாரோ அது நடந்தேவிட்டது. அதைக் கொண்டாட அவருக்குத்தான் இடமில்லை. வெளியில் இருந்த காலோடு மற்றக் காலையும் சேர்த்துக்கொண்டார். அம்சவல்லி எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.

பிள்ளை சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தார். ஐந்து பிள்ளைகள் சத்தம் போட்டுப் பாடம் படிக்கிற அறையில் நிலைப்பாட்டோடு உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. பசிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. அதற்காக மனம் மாறிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்த அறுவடையிலும் நாலு படியில்தான் ஆரம்பித்தார். மருதையன் ஏழு கேட்டார்.

அம்சவல்லி தேறினாளா என்று கேட்பீர்கள். செலக்‌ஷனில் தேறினாள், பெரிய பரீட்சையிலும் தேறினாள். ரிசல்ட் வந்து பள்ளி மறுபடி திறந்ததும் பாராட்டுக் கூட்டம் நடந்தது. மேடைக்கு நடுவில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. "இரு தரப்பும் விட்டுக்கொடுத்ததால் விளைந்த வெற்றி இது" என்று பஞ்சநதம் சார் அரை மணி நேரம் பேசினார். அம்சவல்லி எழுந்து நன்றி சொன்னாள். கதவைப் பூட்டாமல் விட்ட தலைமையாசிரியருக்கு மட்டும் சொன்னாள்.

இதுவரை சிரித்துக்கொண்டே வாசித்தீர்கள், நல்லது. ஆனால் ஒன்று கேட்கலாமா? நடுவே எங்கேயாவது, "பஞ்சநதம் செய்தது தப்புதான், இருந்தாலும் அவர் பக்கமும் கொஞ்சம் யோசிக்கணும் இல்லையா? அந்தப் பெண்ணும் பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாமே" என்று மனசுக்குள் ஓடியதா? கொஞ்சம் போலத்தான் ஓடியதா?

அட, நீங்கதானா! வாங்க சார், வாங்க. வாசற்படியிலேயே நிக்கிறீங்களே, கொசு வருது.